மனச்சோர்வைச் சொன்னேன், கன்னத்தைச் சொல்லவில்லை

எட்டு மாதம் மனநல மருத்துவரிடம் போய் வந்தேன். தூக்கமில்லை, பசியில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது, எல்லாம் சொன்னேன். என் கன்னத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை மறைத்ததால்தான் அந்த எட்டு மாதமும் அரைகுறையாகவே தேறினேன் என்பது பின்னால்தான் புரிந்தது. என்னைப் போல மனச்சோர்வும், தன் தோற்றத்தைப் பற்றியே ஓயாமல் கவலைப்பட வைக்கிற பி.டி.டி. என்ற நோயும் சேர்ந்து இருக்கிறவர்களுக்கும், அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் சிவகாசி. ஆஃப்செட் அச்சகத்தில் வேலை. மெஷினிலிருந்து வரும் ஷீட்டை எடுத்து, நிறம் சரியாக இருக்கிறதா, நான்கு நிறமும் ஒன்றின் மேல் ஒன்று பிசகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பது என் பொறுப்பு. காலண்டரில் முருகன் கன்னம் மொழுமொழுவென்று தெரிகிறதே, அதை லென்ஸில் பார்த்தால் கன்னமே இருக்காது. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள்தான் இருக்கும். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு படிக்கும்போது பரு வந்தது. எல்லாருக்கும் வருவதுதான். போகும்போது இரண்டு கன்னத்திலும் சின்னச் சின்னக் குழிகளை விட்டுவிட்டுப் போனது. பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது பெரிதாகப் படுவதில்லை என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு அந்தக் குழிகள்தான் என் முகம் என்று இருந்தது. வீட்டுக் கண்ணாடி, பைக் கண்ணாடி, செல்போன் கேமரா, நகைக்கடை வாசல் கண்ணாடி, எவர்சில்வர் தம்ளர், எதில் முகம் தெரிந்தாலும் பார்ப்பேன். பக்கவாட்டில் டியூப்லைட் எரிகிற இடத்தில் உட்கார மாட்டேன். பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் குழி ஆழமாகத் தெரியும். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட லைட் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் இலை முன்னால் உட்காருவேன். விரலால் தடவித் தடவிப் பார்ப்பது தனி. தாடி வளர்த்ததும் கன்னத்துக்காகத்தான். ஒரு நாளில் இதற்கே எவ்வளவு நேரம் போகிறது என்று பின்னாளில் உளவியலாளர் எழுதச் சொன்னபோது 4 மணி நேரத்துக்கு மேல் வந்தது. போனில் என் கன்னத்தை மட்டும் எடுத்த படங்கள் 1,100-ஐத் தாண்டியிருந்தன.

இதை அழகு மோகம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசை இருந்ததே இல்லை. யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும் என்றுதான் இருந்தது. பஸ்ஸில் எதிர் சீட்டில் யாராவது சிரித்தால் என் முகத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நம்பினேன். சந்தேகப்பட்டேன் என்று சொல்லவில்லை, நம்பினேன். ஆம்பளைக்கு என்ன முகக் கவலை என்று கேட்பார்களே என்ற வெட்கம் இதற்கு மேல். நோயைவிட அந்த வெட்கம்தான் என்னை அதிக நாள் கட்டிப்போட்டது.

முதலில் போனது மெடிக்கல் ஷாப்புக்கு. நண்பன் சொன்ன ஒரு கிரீமை வாங்கி ஏழெட்டு மாதம் தடவினேன். அதில் ஸ்டீராய்டு இருப்பது தெரியாது. முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று இருந்தது. அப்புறம் தோல் மெலிந்து, வெயில் பட்டாலே சிவந்து எரிந்தது. நிறுத்தினால் பரு கொத்துக் கொத்தாக வந்தது. ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியிருக்கிறது. நிறத்துக்காகவோ பருவுக்காகவோ யார் எந்தக் கிரீமைக் கொடுத்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தடவுங்கள்.

2019-ல் மதுரையில் ஒரு தோல் சிகிச்சை மையத்தில் 6 சிட்டிங் போனேன். லேசரும் ஊசி உருளையும். சீட்டு எடுத்த பணம் 48,000 ரூபாய் அதற்குப் போனது. அந்த மருத்துவர்மேல் எனக்குக் குறை இல்லை. முன்னும் பின்னும் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். குழிகள் நிஜமாகவே குறைந்திருந்தன. அந்தப் படத்தில் நான் பார்த்தது மூக்கின் இரண்டு பக்கமும் இருந்த தோல் துவாரங்களை. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் திருமங்கலம் தாண்டுவதற்குள் கவலை கன்னத்திலிருந்து மூக்கோரத்துக்கு நகர்ந்துவிட்டது. இந்த நோயில் இது வழக்கம் என்று இப்போது தெரியும். தோலையோ மூக்கையோ சரிசெய்வதால் மனசு அடங்குவது அபூர்வம். ஒன்று, திருப்தி வராது. இல்லாவிட்டால் கவலை வேறு இடத்துக்கு மாறும். தோல் மருத்துவமனைகளிலும் அழகு அறுவை சிகிச்சை செய்கிற இடங்களிலும் இந்த நோய் உள்ளவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அந்த வாசலில் நிற்கிற யாராவது இதைப் படித்தால், பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு முறை மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

கொரோனா வந்து எல்லாரும் மாஸ்க் போட்ட காலம் எனக்கு நிம்மதியான காலம். அதை இப்போது சொல்லவும் கூச்சமாக இருக்கிறது, சுற்றிலும் அத்தனை சாவு. மாஸ்க் தேவையில்லை என்று ஆனதும் என்னால் கழற்ற முடியவில்லை. 2022 கோடையில் வேலைக்குப் போவது நின்றது. குளிப்பது நின்றது. அம்மா தட்டில் வைத்த இட்லி சாயங்காலம் வரை அப்படியே காய்ந்து கிடக்கும். விடியற்காலை 3 மணிக்கு முழிப்பு வந்துவிடும், அப்புறம் வெளிச்சம் வரும்வரை எதற்காக இருக்கிறோம் என்ற ஒரே யோசனை.

எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் ‘மன அழுத்தம்’ என்றுதான் சொல்வோம். கடன் நெருக்கினாலும் அதுதான், பரீட்சை பயமும் அதுதான். எனக்கு இருந்தது அது இல்லை, மனச்சோர்வு, கடுமையான மனச்சோர்வு. மருத்துவர் 9 கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். மொத்தம் 27-க்கு 22 வந்தது. 20-க்கு மேல் போனாலே கடுமை என்றார். அந்த 9 கேள்விகளில் தூக்கம் இருக்கிறது, பசி இருக்கிறது, சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. உன் தோற்றத்தைப் பற்றி நாள் முழுக்க யோசிக்கிறாயா என்ற கேள்வி இல்லை. கேட்காததை நானும் சொல்லவில்லை.

எஸ்சிடலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை 10 மில்லிகிராம் கொடுத்தார். ஒரு மாதத்தில் தூக்கம் வந்தது, சோறு இறங்கியது. தினமும் அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வரச் சொன்னார். சோர்வு கூடும்போது ஆள் சுருங்குகிறான், சுருங்கச் சுருங்கச் சோர்வு கூடுகிறது, அதை உடைக்கத்தான் நடை. நடந்தேன். காலை நாலரை மணிக்கு, தெருவிளக்கு இல்லாத பக்கமாகப் பார்த்து, மாஸ்க் போட்டுக்கொண்டு. அடுத்த முறை போனபோது மருத்துவர் நான் குறித்து வைத்திருந்த நடை அட்டவணையைப் பார்த்து, விடாமல் நடந்திருக்கிறீர்களே என்று சந்தோஷப்பட்டார். மனச்சோர்வுக்கு நல்லது என்று செய்த அதே நடை, முகத்தை மறைக்கிற பழக்கத்துக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரிய வழியில்லை. என் மதிப்பெண் 14-க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது.

அந்த ஐப்பசியில் ஒரு ராத்திரி ரொம்ப மோசமாகிவிட்டது. விவரம் வேண்டாம். கொஞ்சம் தெம்பு திரும்பியிருந்த நேரம் அது. படுக்கையிலேயே கிடந்தபோது இல்லாத துணிச்சல் அப்போது இருந்தது. குணமாகத் தொடங்குகிற நேரத்திலும் கவனமாக இருக்க வேண்டும் என்று மருத்துவர் அக்காவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாராம். நான் அக்காவுக்குப் போன் செய்தேன். “எங்கயும் போகாத தம்பி, போனை வைக்காத, வந்துட்டேன்” என்றாள். விருதுநகரிலிருந்து மாமா பைக்கில் அவளைக் கூட்டிக்கொண்டு வரும்வரை ஒருவரும் போனை வைக்கவில்லை. மறுநாள் மருத்துவமனையில் சேர்த்தார்கள், 11 நாள். சாப்பாடு தண்ணீர் இறங்காத நிலைக்குப் போனால் ஈ.சி.டி. கொடுக்க வேண்டியிருக்கலாம் என்றார் மருத்துவர். நம் ஊரில் ஷாக் ட்ரீட்மெண்ட் என்று பயப்படுவது. மயக்க மருந்து கொடுத்துத்தான் அதைச் செய்ய வேண்டும் என்று 2017-ஆம் வருட மனநலச் சட்டமே சொல்கிறது என்று அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கினார். எனக்கு அது தேவைப்படவில்லை.

வெளியே வந்த பிறகும் கன்னத்தைச் சொல்லவில்லை. வாய் வரை வரும், திரும்பிப் போய்விடும். ஜனவரியில் ஒரு நாள், பையில் கிடந்த ஒரு வேஸ்ட் ஷீட்டை மடித்துக் கிழித்தேன். முன்பக்கம் பாலகிருஷ்ணன் முகத்தில் பாதி. பின்பக்கம் மூன்று வரி எழுதினேன்: ‘என் கன்னத்தினால்தான் வெளியே போவதில்லை. தினமும் பல மணி நேரம் கண்ணாடி பார்க்கிறேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.’ மருத்துவர் மேஜையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் இரண்டு முறை படித்தார். “இதை முதல்லயே சொல்லியிருந்தா மாத்திரையை வேற மாதிரி கொண்டுபோயிருப்பேனே தம்பி” என்றார். திட்டவில்லை, சிரிக்கவில்லை, உங்கள் கன்னம் நன்றாகத்தானே இருக்கிறது என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

வாயால் சொல்ல முடியாதவர்கள் இப்படி எழுதிக் கொடுங்கள். மூன்று வரி போதும். என்ன கவலை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், அதனால் எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள். மருத்துவருக்கு வேண்டியது இவ்வளவுதான்.

நோயின் பெயர் பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர், சுருக்கமாக பி.டி.டி. தமிழில் எல்லாரும் ஒத்துக்கொண்ட பெயர் இன்னும் அமையவில்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே என்ரிக்கோ மோர்செல்லி என்ற இத்தாலிய மருத்துவர் இதை எழுதி வைத்திருக்கிறார். 2013-லிருந்து அமெரிக்க மனநல வகைப்பாட்டில் இதை ஓ.சி.டி. குடும்பத்தில், அதாவது ஒரே எண்ணமும் ஒரே செயலும் திரும்பத் திரும்ப வருகிற நோய்களோடு, சேர்த்திருக்கிறார்கள். கதவைப் பூட்டினோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறவர் போலத்தான் நானும் கண்ணாடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். நூற்றில் இரண்டு பேர் அளவுக்கு இது இருக்கிறது, ஆண்களுக்கும் வருகிறது, பெரும்பாலும் பதின்வயதில் தொடங்குகிறது. இந்த நோய் உள்ளவர்களுக்கு ரொம்பச் சாதாரணமாகக் கூட வருவது மனச்சோர்வு. பலருக்கும் இதுதான் முதலில் வருகிறது, சோர்வு பின்னால் வருகிறது. எனக்கும் அப்படித்தான். இதைக் கேட்டபோது, 15 வருடமாக ஒரு கூட்டத்தில் தனியாக நின்றவன் பக்கத்தில் யாரோ வந்து நின்ற மாதிரி இருந்தது.

மருந்து வகை மாறவில்லை, எஸ்சிடலோப்ராம் சேர்ந்த எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்ற வகையே இரண்டு நோய்க்கும். மாறியது அளவும் பொறுமையும். பி.டி.டி.க்கு மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவு பல பேருக்குத் தேவைப்படுகிறது, 12 வாரத்திலிருந்து 16 வாரம் வரை காத்திருக்கவும் வேண்டும். மருத்துவர் எனக்கு ஃபுளூவாக்ஸடினுக்கு மாற்றி, 20, 40, 60 என்று படிப்படியாக ஏற்றினார். இது என் அளவு, உங்கள் அளவு இல்லை. எஸ்சிடலோப்ராம் அளவைக் கூட்டினால் இதயத்துக்கு ஈ.சி.ஜி. பார்க்க வேண்டியிருக்கும். சிலருக்கு வேறு மாத்திரைகளோடு சேராது. அதையெல்லாம் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வாரம் குமட்டலும் ஒரு நிலைகொள்ளாத பரபரப்பும் இருந்தது. தாம்பத்தியம் சம்பந்தமான பக்கவிளைவுகளும் வரும், அதையும் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டில் கவனிக்க வேண்டும்.

ஆறாவது வாரத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று நிறுத்தப் பார்த்தேன். அப்போது மருத்துவர் ஒரு ஆய்வைச் சொன்னார். அமெரிக்காவில் கேத்தரின் பிலிப்ஸ் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவும் 2002-ல் வெளியிட்டது. 67 பேருக்கு 12 வாரம், சிலருக்கு ஃபுளூவாக்ஸடின், சிலருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. மருந்து எடுத்தவர்களில் 53 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 18 சதவீதம் பேருக்கும் குணம் தெரிந்தது. என் முகம் அசிங்கம் என்று நூற்றுக்கு நூறு நம்புகிறவர்களுக்கும் இதே மருந்து வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார். நான் அந்த நூற்றுக்கு நூறு ஆள். 12 வாரம் என்ற அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் ஆறாவது வாரத்தைத் தாண்டினேன். பத்தாவது வாரம் வாக்கில் ஒரு நாள் பைக்கை நிறுத்திவிட்டு நேராக வீட்டுக்குள் போய்விட்டேன். உள்ளே போன பிறகுதான் கண்ணாடியைப் பார்க்காமல் வந்தது நினைவுக்கு வந்தது.

பேச்சு சிகிச்சை மதுரையில். வாரம் ஒரு முறை, சனிக்கிழமை, மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோ. உளவியலாளர் என் வேலையைப் பற்றி ரொம்ப நேரம் விசாரித்தார். “ஒரு ஷீட்டை எப்படி பாஸ் பண்ணுவீங்க?” என்று கேட்டார். சொன்னேன்: முதலில் லென்ஸ் வைத்து ரெஜிஸ்டர், அதாவது நான்கு நிறமும் பிசகாமல் பொருந்தியிருக்கிறதா என்று பார்ப்பேன், அப்புறம் கையை நீட்டிப் பிடித்து மொத்தமாகப் பார்ப்பேன், கடைசி முடிவு அந்தப் பார்வையில்தான், வாங்குகிறவர் சுவரில் மாட்டி ஆறடி தள்ளி நின்றுதானே பார்ப்பார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உங்க முகத்துக்கு மட்டும் அந்த ரெண்டாவது பார்வை கிடையாதா?” என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அன்றைக்குச் சொன்னேன். ஒரு ராத்திரி ஷிஃப்டில், போனில் எடுத்த என் கன்னத்தின் படத்தை அச்சகத்துப் புரூஃப் பிரிண்டரில் அடித்து, அதன்மேல் லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு மணி நேரம். தெரிந்தது வெறும் புள்ளிகள்.

மூளையும் இப்படித்தான் வேலை செய்கிறது என்று அவர் சொன்னார். 2007-ல் லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜேமி ஃபியூஸ்னரும் அவர் குழுவும் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். பி.டி.டி. உள்ளவர்கள் அடுத்தவர் முகத்தைப் பார்க்கும்போதுகூட, முழுமுகத்தைவிட நுணுக்கங்களை ஆராய்கிற பகுதிகள் அதிகமாக இயங்கின. அப்படியானால் பயிற்சியும் பார்வைக்குத்தான். வீட்டில் கண்ணாடிக்கு மூன்றடி தள்ளித் தரையில் ஒரு டேப் ஒட்டினோம். தினமும் 5 நிமிடம் அதன்மேல் நிற்க வேண்டும், ஒரு அங்குலம் முன்னால் போகக் கூடாது. முடியிலிருந்து தொடங்கிப் பாதம் வரை என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். ‘நெற்றி அகலம். புருவம் அடர்த்தி. கன்னத்தில் தழும்பு இருக்கிறது, பழுப்பு நிறம். தாடை சதுரம். சட்டை நீலம்.’ அசிங்கம், கேவலம் என்ற வார்த்தைகளுக்கு இடமில்லை. நன்றாக இருக்கிறது என்றும் சொல்லக் கூடாது. முதல் வாரம் கன்னத்துக்கு வந்ததும் நாக்கு எழவில்லை. முழுவதும் மூடிவைப்பதும் தப்பு, ஒட்டிக்கொண்டு பார்ப்பதும் தப்பு என்பதால்தான் இந்த மூன்றடி. பெரிதாக்கிக் காட்டுகிற கைக்கண்ணாடியை மட்டும் அக்கா எடுத்துப் போய்விட்டாள். லென்ஸ் அச்சகத்து டிராயரை விட்டு வெளியே வரக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நாலரை மணி நடையை அரை மணி அரை மணியாகத் தள்ளினோம். ஐந்து, ஐந்தரை, ஆறு. இரண்டு மாதத்தில் ஏழு மணி வெயிலுக்கு வந்தது, மாஸ்க் இல்லாமல். இரண்டு நோய்க்கும் சேர்த்து வைத்தியம் பார்ப்பது என்றால் என்ன என்று கேட்டால் எனக்கு இந்த நடைதான் சட்டென்று ஞாபகம் வரும். சோர்வுக்காக நடக்க வேண்டும், பி.டி.டி.க்காக வெளிச்சத்தில் நடக்க வேண்டும். எந்தப் பயிற்சியாக இருந்தாலும் இந்த இரண்டு கேள்வியையும் கேளுங்கள். நான் எழுந்தேனா? எழுந்த பிறகு ஒளிந்தேனா?

அப்புறம் சலூன். பயிற்சிகளைப் பயம் குறைந்ததிலிருந்து கூடினது வரை வரிசையாக எழுதச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் 100-க்கு எவ்வளவு பதற்றம் என்று மார்க் போடச் சொன்னார். டீக்கடையில் பகலில் நின்று டீ குடிப்பதற்கு 45. சலூனில் தாடி எடுப்பதற்கு 95. முன்னால் கண்ணாடி, பின்னால் கண்ணாடி, மேலே இரண்டு டியூப்லைட், பக்கத்தில் வரிசையில் காத்திருக்கிற ஆட்கள். ஏழாவது மாதத்தில்தான் போனேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் துணியைக் கழுத்தில் கட்டினார்கள், கை உள்ளே போய்விட்டது, கன்னத்தைத் தொட வழியில்லை. கத்தி இடது கன்னத்தில் இறங்கும்போது உள்ளங்கை வேர்த்து வேட்டியில் ஈரம் தெரிந்தது. கண்ணை மூடக் கூடாது என்பது விதி. “என்ன அண்ணாச்சி, ரொம்ப நாளாச்சு தாடி எடுத்து?” என்றார் சலூன்காரர். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் அவர் கேட்டது. தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கத்தி அதன்மேல் போகும்போது கையை லேசாக்கினார், மற்றபடி அடுத்த ஆளுடன் வார்டு தேர்தல் பேச்சு. உட்கார்ந்தபோது 95 இருந்தது, எழுந்தபோது 60.

வெளியே வந்ததும் பைக் கண்ணாடியில் குனிந்து பார்த்துவிட்டேன். சனிக்கிழமை அதைச் சொன்னபோது உளவியலாளர், “அப்ப பாதிப் பலன் அங்கேயே போச்சு” என்றார். பயத்தில் உட்கார்ந்தால் மட்டும் போதாது, அதற்கப்புறம் சரிபார்க்காமல் இருந்தால்தான் பயம் தானாகத் தணியும் என்பது மூளைக்குப் பதியும். அடுத்த மாதம் பைக் எடுக்காமல் நடந்தே போனேன். நான்காவது முறை 40-ல் உட்கார்ந்து 20-ல் எழுந்தேன்.

எல்லா நாளும் பயிற்சி நாளாக இருக்காது. சோர்வு நெஞ்சில் ஏறி உட்கார்ந்த நாளில் சலூனுக்குப் போ, கண்ணாடி முன் நில் என்று கட்டாயப்படுத்தினால் தோல்விதான் மிஞ்சும், அந்தத் தோல்வி சோர்வுக்கு இன்னொரு ஆதாரமாகிவிடும். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. தூங்கவில்லை, சாப்பிடவில்லை என்றால் அன்றைக்குக் குளியல், ஒரு வேளைச் சோறு, வாசல்வரை நடை, இவ்வளவுதான். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்துவிட்டால் மற்ற எல்லாம் நிற்கும், மருத்துவரைக் கூப்பிடுவதுதான் முதல் வேலை.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. நான் அம்மாவிடம் தினமும் இருபது முறையாவது, “இன்னைக்கு ரொம்பத் தெரியுதாம்மா?” என்று கேட்பேன். “ஒண்ணும் தெரியலய்யா, ராசா மாதிரி இருக்க” என்பாள். ஐந்து நிமிடம் நிம்மதி. அப்புறம் பெற்றவள் அப்படித்தானே சொல்வாள் என்று தோன்றும், மறுபடி கேட்பேன். அம்மாவையும் ஒரு நாள் மதுரைக்குக் கூட்டிப்போனோம். பதில் சொல்வது பாசம் மாதிரித் தெரிந்தாலும் அந்தக் கேள்விக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை அது என்று உளவியலாளர் புரிய வைத்தார். அதன்பிறகு நான் கேட்டால் அம்மா, “அதுக்குப் பதில் சொல்றதில்லன்னு பேசியிருக்கோம்ல, வா, காப்பி போடுறேன்” என்பாள். முதல் வாரம் கோபம் கோபமாக வந்தது, ஒரு தம்ளரை எறிந்திருக்கிறேன். அவள் பதில் சொல்லவில்லை. அடுக்களைக்குப் போய் அழுதாள் என்று அக்கா பின்னால் சொன்னாள். மூன்று வாரத்தில் இருபது முறை கேட்பது நான்கு முறையாகக் குறைந்தது. அழகாகத்தானே இருக்கிறாய் என்று வாதாடாதீர்கள், கிண்டலும் வேண்டாம். கவலை உண்மை, வேதனை உண்மை, அதை ஒத்துக்கொள்ளுங்கள். தோற்றத்தைப் பற்றிய விசாரணைக்கு மட்டும் உட்காராதீர்கள்.

ஆபத்து நேரத்துக்கென்று ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறேன். எனக்கு மோசமாகப் போகிறது என்பதற்கு அடையாளம் என்ன, முதலில் யாரைக் கூப்பிடுவேன், அவர் எடுக்காவிட்டால் யார், எந்த மருத்துவமனை. மாத்திரைகள் அக்காவிடம் இருக்கும், வாரத்துக்கு வேண்டியது மட்டும் என்னிடம். அட்டையில் இருக்கிற எண்களில் ஒன்று 14416, மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104 உதவி எண்ணிலும் பேசலாம். காசு இல்லை என்று யாரும் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம், அரசு மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, வேலையில்லாத 5 மாதம் எனக்கு மாத்திரை அங்கேதான், செலவில்லாமல். பி.டி.டி.க்குப் பழகிய உளவியலாளர் பக்கத்தில் இல்லையென்றால் ஓ.சி.டி.க்குப் பயிற்சி தருகிறவரைத் தேடுங்கள், முறை கிட்டத்தட்ட அதுதான். மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுத்தால், உடல் நோய்க்கு இருப்பது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. பாலிசி எடுக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2024-ல் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நானாக மாத்திரையைக் குறைத்தேன். சிவகாசியில் ஆடிப் பதினெட்டுக்குப் பூஜை போட்டு காலண்டர் ஆல்பம் வெளியிட்டதிலிருந்து மார்கழி வரை சீசன், ராத்திரி பகல் இல்லாமல் மெஷின் ஓடும். தூக்கம் கெட்டது, மாத்திரையும் பாதி. கார்த்திகையில் பார்த்தால் லென்ஸ் சட்டைப் பையில் வீட்டுக்கு வந்திருந்தது. அதைப் பார்த்ததும் பயந்து அன்றைக்கே மருத்துவருக்குப் போன் செய்தேன். எஸ்சிடலோப்ராமில் குணமானவர்களை வைத்து 2016-ல் வந்த ஓர் ஆய்வில், மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 40 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது என்றார். பழைய அளவுக்குத் திரும்பினேன், நான்கு சனிக்கிழமை மறுபடி மதுரை. தை மாதத்துக்குள் சரியானது. முதல் தடவை வருடக்கணக்கில் ஆனது இந்தத் தடவை வாரக்கணக்கில் முடிந்ததற்குக் காரணம், லென்ஸ் பைக்குள் வந்தால் என்ன அர்த்தம் என்று இந்த முறை எனக்குத் தெரிந்திருந்தது.

இப்போது 9 கேள்வித் தாளில் 5 வருகிறது. கண்ணாடிக்கு ஒரு நாளைக்கு 20 நிமிடம் போகிறது. குழிகள் இருக்கின்றன, சில நாள் உறுத்துகின்றன. அக்கா மகனுக்குக் காது குத்து வைத்தபோது மாமன் மடியில்தானே பிள்ளையை உட்கார வைப்பார்கள், பக்கத்தில் வீடியோக்காரர் லைட்டை நேராக என் இடது கன்னத்தில் அடித்தார். பிள்ளை கத்திய கத்தலில் அவனைப் பிடித்துக்கொள்ளத்தான் கை இருந்தது. ஆல்பம் அக்கா வீட்டில் இருக்கிறது, ஒரு முறை பார்த்தேன், கையை நீட்டிப் பிடித்து.

அடுத்த சீசன் நெருங்குகிறது. ராத்திரி ஷிஃப்ட் வேண்டாம் என்று முதலாளியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், காரணமும் சொல்லித்தான். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.